எட்டாம் மேசையின் மீதி

கொழும்பிலிருந்து குளிர்ப்பெட்டியோடு வந்த ரொஷானி மிஸ்
ஆறு கிளாசில் அரை விரற்கடை ஊற்றி
"என்ன மணக்குது, சொல்லுங்க" என்றார்.
லோகிதன் சொன்னான்: கழுவின சில்வர் தட்டு.
சமையலறை பியதிஸ்ஸ ஐயா
மூக்கை உள்ளே விட்டு எடுத்து
"தேசிக்காய் பிழிஞ்ச கை" என்றார்.
எனக்கு வாய் வரவில்லை.

தாளில் அச்சடித்திருந்தது:
கூஸ்பெரி. வெட்டிய புல். ஈரக்கல்.
கூஸ்பெரியை நான் கண்டதில்லை.
மற்ற இரண்டும் எங்கள் லயத்து விலாசம்.
மாட்டுக்கு அறுத்த புல்லுக்கட்டைத்
தலையில் ஏற்றியதும்
பிடரி வழியே முதுகுக்கு இறங்குமே
ஒரு பச்சைத் தண்ணி, அது.
பதினாலாம் நம்பர் மலையில்
மழை விட்ட மறு நிமிஷம்
கானோரப் பாறை விடுகிற மூச்சு, அது.
புளிப்பு என்று சொல்லக் கூடாதாம்.
துடிப்பு என்று சொல்ல வேண்டுமாம்.

காசல்ரீ நீரைப் பார்த்த பழைய துரை பங்களா.
மேசை பன்னிரண்டு. ஒரு கிளாசின் விலை
அம்மாவுக்கு இரண்டு பேர்.
இதை நான் யாரிடமும் சொல்வதில்லை.
ஊற்றும்போது மட்டும்
கை தானாகக் கவனமாகிவிடும்.

அன்றைக்கு எட்டாம் மேசையில்
நெதர்லாந்துக்காரர் இருவர்.
எங்களுக்கு விளங்காத பாஷையில் சண்டை.
அவள் எழுந்தாள். பின்னாலேயே அவர்.
போத்தலில் மூன்றில் ஒரு பங்கு
பனி பூத்தபடி நின்றது.

சட்டப்படி அதைப் புத்தகத்தில் பதிந்து
பெயர் எழுதிக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும்.
பத்தரை மணிக்கு அது
எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தது எப்படி என்று
லோகிதனைத்தான் கேட்க வேண்டும்.

மரவள்ளிக்கும் கட்டசம்பலுக்கும் முதலில் குடித்தோம்.
வாய்க்குள் நெருப்பெட்டி.
கொச்சிக்காயைக் கண்டால்
இது சாராயமாகிவிடுகிறது.
கருவாட்டோடு, துருப்பிடித்த ஆணி.
பருப்போடு ஒன்றுமில்லை,
இரண்டும் பேசிக்கொள்ளவே இல்லை.
"பொறு" என்று பியதிஸ்ஸ ஐயா எழும்பி
பின்னேரம் பிடித்த திலாப்பியாவில் ஒன்றை
மஞ்சளும் உப்பும் மட்டும் தடவிப் பொரித்தார்.
தேசிக்காயை எடுத்தவர்
கிளாசைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.
மீன் தோல் நொறுங்கியது,
எண்ணெய் நாக்கில் படர்ந்தது,
இது வந்து துடைத்துக்கொண்டு போனது.
அடுத்த வாய்க்கு நாக்கு புதிது.

பிறகு வல்லாரைச் சம்பல்,
தேங்காய்ப்பூ கூட, மிளகாய் குறைய.
பச்சைக்குப் பச்சை!
லீக்ஸ் வெள்ளைக்கறிக்கு
இது கொஞ்சம் மெல்லியதாகப் பட்டது எனக்கு.
ஐயா ஒத்துக்கொள்ளவில்லை.
போத்தல் முடியும்வரை
அதைப் பற்றியே வாதாடினோம்.

மறுநாள் பகல் பன்னிரண்டரை.
எட்டாம் மேசையில் அதே இருவர்,
கைமேல் கை.
"நேற்று வைத்துவிட்டுப் போனோமே,
அந்தப் போத்தல்?"

லோகிதன் கூரையைப் பார்த்தான்.
எனக்கு அப்போதுதான் வாய் வந்தது.
"திறந்து வைத்தால் துடிப்புப் போய்விடும், மேடம்.
வெயில் ஏறியதும்
மழைப்பாறை வெறும் பாறையாகிற மாதிரி.
அதை உங்களுக்குத் தர மனம் வரவில்லை."
பொய்யில் பாதி உண்மை,
எந்தப் பாதி என்று
எனக்கே தெரியவில்லை.

அவள் சிரித்தாள். புதுப் போத்தல் கேட்டாள்.
எதோடு குடிக்கலாம் என்றாள்.
மெனுவில் இல்லாத வல்லாரையைச் சொன்னேன்,
மெனேஜரின் புருவம் மேலே போனதைப் பார்த்தும்.
சமையலறைக் கதவு இடுக்கில்
பியதிஸ்ஸ ஐயாவின் ஒரு கண்.
அவர் கையில் தேங்காய்ப் பாதி.

இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தார்கள்.
மீனில் முள் மட்டும்.
சம்பல் கோப்பையை
பாண் துண்டால் வழித்திருந்தார்கள்.
போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன்.
இந்த முறை
எங்களுக்கு ஒரு சொட்டும் வைக்கவில்லை.